மட்டில்டாவின் சக்தி ஏன் மறைகிறது? வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: காவேரிப்பட்டணம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் சனிக்கிழமை மாலைகளில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். ரோல்ட் டால் எழுதி 1988-இல் லண்டனில் வெளியான 'மட்டில்டா' நாவலை அண்மையில் வாசித்து முடித்தோம். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படிப்பது, பிறகு அதைத் தமிழில் கதையாகச் சொல்வது, குவென்டின் பிளேக்கின் கோட்டோவியங்களை எல்லோர் கைக்கும் அனுப்பிப் பார்க்கச் செய்வது என்று மெதுவாகத்தான் போனோம். பிள்ளைகள் மிகவும் ஒன்றிப்போனார்கள்; தலைமையாசிரியை மிஸ் ட்ரஞ்ச்புல் வரும் பக்கங்களில் அறையே அதிர்ந்தது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றரை வயதில் பிழையில்லாமல் பேசி, மூன்று வயதில் வீட்டில் கிடந்த செய்தித்தாள்களையும் பத்திரிகைகளையும் பார்த்துத் தானாகவே படிக்கக் கற்று, நான்கு வயதில் தனியாக நடந்துபோய்ப் பொது நூலகத்தில் டிக்கன்ஸை வாசிக்கும் குழந்தை மட்டில்டா. பழைய கார்களை ஏமாற்றி விற்கும் தந்தையும், பிங்கோ ஆட்டத்திலும் தொலைக்காட்சியிலும் மூழ்கிய தாயும் அவளை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. பள்ளியில் சேர்ந்த பிறகு, கண்ணால் உற்றுப் பார்த்தே பொருள்களை அசைக்கும் ஆற்றல் அவளுக்கு வாய்க்கிறது. அதைக் கொண்டு தன் ஆசிரியை மிஸ் ஹனியை ட்ரஞ்ச்புல்லின் பிடியிலிருந்து விடுவிக்கிறாள். அதன் பிறகு அந்த ஆற்றல் அவளைவிட்டு மறைந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் எங்கள் வட்டத்தில் பெரிய மனத்தாங்கல் ஏற்பட்டது. பாதிப் பிள்ளைகள் ஆசிரியர் தங்களை ஏமாற்றிவிட்டதாகவே சொன்னார்கள். 1996-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்திருந்த ஒரு மாணவன், படத்தின் கடைசியில்கூட அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் பறந்து வருகிறதே, புத்தகத்தில் மட்டும் ஏன் பிடுங்கிவிட்டார்கள் என்று கேட்டான். இன்னொரு பெண், "இவ்வளவு சக்தி இருந்தும் ஒரு சாக்பீஸைத்தானே தூக்கினாள்?" என்று கேட்டாள். ஆற்றல் மறைந்ததற்கு மிஸ் ஹனி சொல்லும் விளக்கத்தை நான் வாசித்துக் காட்டினேன். அது அவர்களுக்குப் போதவில்லை.

இதற்கிடையே, ஒரு மாணவியின் தந்தை என்னிடம் வேறொரு குறையைச் சொன்னார். மகள் தந்தையைப் பழிவாங்குவதும், கடைசியில் பெற்றோரை விட்டுவிட்டு ஆசிரியையோடு தங்கிவிடுவதும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கதையா என்பது அவர் கேள்வி. அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். இரண்டுக்கும் உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பதில்: பென்னாகரம் பழைய வாத்தியார்

அம்மா, வணக்கம். பிள்ளைகளின் ஏமாற்றம் நியாயமானது. ஆனாலும் அந்த ஆற்றல் மறைந்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் மிஸ் ஹனியின் விளக்கம் எனக்குக் கற்பனையாகத் தோன்றவில்லை.

அவர் சொல்வது இதுதான்: என் வகுப்பில் இருந்தவரை உன்னைத் திணறவைக்க எதுவும் இல்லை; அவ்வளவு பெரிய மூளைக்கு வேலையே இல்லாமல் உள்ளே அடைபட்ட விசை கண் வழியாக வெளியே பாய்ந்தது; இப்போது நீ மேல் வகுப்பில், உன் வயதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட வயதுடையவர்களோடு படிக்கிறாய், அந்த விசை முழுவதும் பாடத்திலேயே செலவாகிவிடுகிறது. மட்டில்டாவும் அதைக் கேட்டு வருந்துவதில்லை. வாழ்நாள் முழுவதும் அற்புதம் செய்பவளாக இருக்கத் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறாள். பிள்ளைகள் அந்த வரியைக் கவனிக்காமல் கடந்திருக்கலாம். ஆற்றலை இழந்தவளே அழவில்லை என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

நம் மலையோரப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஓர் அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவது புதிதல்ல. அங்கே மூன்றாம் வகுப்புக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்கு நடக்கும் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை ஒன்று அநேகமாக எப்போதும் இருக்கும். அந்தக் குழந்தைக்கு நாம் என்ன செய்கிறோம்? கரும்பலகையைத் துடைக்கச் சொல்கிறோம். மற்றவர்கள் பேசாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி லீடர் ஆக்குகிறோம். பேசியவர்களின் பெயரை எழுதச் சொல்கிறோம். கெட்டிக்காரக் குழந்தைக்கு நாம் தருகிற பரிசு காவல் வேலை. கொஞ்ச நாளில் அந்தக் குழந்தை குறும்பில் இறங்கும், அல்லது ஒன்றும் தெரியாததுபோல் அடங்கிவிடும். இரண்டாவது வகைதான் அதிகம்; அது யார் கண்ணிலும் படுவதில்லை.

மிஸ் ஹனி செய்வதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாளே, பதினான்கைப் பத்தொன்பதால் பெருக்கினால் 266 என்று ஐந்தரை வயதுக் குழந்தை தயங்காமல் சொன்னதும், அவர் தலைமையாசிரியையிடம் போய் மேல் வகுப்புக்கு மாற்றும்படி கேட்கிறார். மறுப்புதான் கிடைக்கிறது. உடனே மேல் வகுப்பு ஆசிரியர்களிடமிருந்து இயற்கணிதம், வடிவியல், பிரெஞ்சு, இலக்கியம் என்று பாடநூல்களைக் கடன் வாங்கி, மற்றவர்கள் பாடம் படிக்கும் நேரத்தில் மட்டில்டா படிக்க ஏற்பாடு செய்கிறார். அன்று மாலையே பெற்றோரைப் பார்க்க வீட்டுக்கும் போகிறார். அங்கும் கதவு திறக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். டபுள் புரமோஷன் என்று அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் சொல்வார்களே, கதையின் முடிவில் அவளுக்குக் கிடைப்பது அதுதான். இன்று வயதுக்கேற்ற வகுப்பு என்பதே வழக்கமாகிவிட்டதால் அந்த வழி நமக்கு எளிதில்லை. ஆனால் கடன் வாங்கிய நான்கு பாடநூல்கள் என்ற வழியை எந்தச் சுற்றறிக்கையும் தடுக்கவில்லை.

ஆகவே, ஆற்றல் மறைந்த இடத்தை நான் இழப்பாகப் படிப்பதில்லை. அந்தக் குழந்தையின் அறிவுக்கு முதன்முறையாகச் சரியான வேலை கிடைத்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

பதில்: ஓசூர் இரவுநேர வாசகன்

ஐயா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் மிஸ் ஹனியின் விளக்கம் ஓர் ஆசிரியையின் விளக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது. அவரே அதை ஒரு கருத்தாகத்தான் முன்வைக்கிறார். கதை நடந்த வரிசையைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

ஆற்றல் முதலில் வெளிப்படுவது எப்போது? தலைமையாசிரியையின் தண்ணீர்க் கூஜாவில் நியூட் என்ற சிறு நீர்ப்பிராணியைப் போட்டவள் மட்டில்டாவின் தோழி லாவெண்டர். பழி மட்டில்டாமேல் விழுகிறது. செய்யாத குற்றத்துக்காக வகுப்பே பார்க்கத் திட்டு வாங்கும்போது மூளும் சினத்தில்தான் அந்தக் கண்ணாடிக் குவளை அசைந்து சாய்கிறது. வேலையில்லாத மூளை என்றால் அது நூலகத்திலும் வீட்டிலும் எத்தனையோ முறை வெளிப்பட்டிருக்க வேண்டும். அநீதி வந்தபோது வந்தது. அநீதி செய்தவள் ஊரைவிட்டு ஓடியதும் போனது. பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் எளிதில் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து தந்தையின் சுருட்டை மேசையிலிருந்து எழுப்பி அந்தரத்தில் நிறுத்த அவள் நாள் தவறாமல் பயிற்சி செய்கிறாள். அப்போது சினம் ஏதும் இல்லை. அதனால் சினம் தொடங்கிவைத்ததை உழைப்பு வளர்த்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். இதையும் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டலாம். பிறவியில் வந்த வரம் என்றே நாம் நினைக்கிற ஒன்றுக்கு இந்த நாவலில் தினசரிப் பயிற்சி தேவைப்படுகிறது. ஞானசம்பந்தருக்கு மூன்று வயதில் ஞானப்பால் கிடைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அருளாக வராமல் ஆத்திரத்திலிருந்து கிளம்பிப் பயிற்சியால் கைவரும் அற்புதம் கொஞ்சம் புதிதுதான்.

சாக்பீஸ் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டுகளைச் சொல்லுங்கள். நாவலின் மிக நுட்பமான இடத்தை அவள் தொட்டுவிட்டாள். மட்டில்டா ட்ரஞ்ச்புல்லைத் தூக்கி எறிவதில்லை. அந்த அம்மாள் முன்னாள் ஒலிம்பிக் சம்மட்டி எறிதல் வீராங்கனை, பிள்ளைகளைச் சடையைப் பிடித்துச் சுழற்றி எறிபவர், அவரோடு பலத்தில் மோத முடியாது. கரும்பலகையில் சாக்பீஸ் எழுதும் வாசகத்தின் வலிமை அதிலுள்ள மூன்று பெயர்களில் இருக்கிறது: அகதா (ட்ரஞ்ச்புல்), மேக்னஸ் (மிஸ் ஹனியின் தந்தை), ஜென்னி (மிஸ் ஹனி). இறந்துபோன மேக்னஸ் தன் மகள் ஜென்னிக்கு வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி அகதாவை அதட்டுவதாக அது அமைகிறது. அந்த வீட்டுக்குள் ஒருவரையொருவர் எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பதை மிஸ் ஹனியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தவள் மட்டில்டா. கண்ணின் விசை எழுதுகோலை மட்டுமே நகர்த்தியது. ட்ரஞ்ச்புல்லை மயங்கி விழவைத்தது, அவள் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட செய்தி.

திரைப்படத்தைப் பற்றி ஒரு சொல். டேனி டிவிட்டோவின் படம் எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் அந்த ஆற்றலை அவளிடமே விட்டுவைத்தது படத்தை இனிப்பாக்கியதே தவிர ஆழமாக்கவில்லை.

பதில்: தருமபுரி கிளை நூலக உறுப்பினர்

வாசகி அக்காவுக்கு வணக்கம். தந்தையின் கவலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆற்றல் விவகாரத்தை மற்ற இருவரும் நன்றாகவே பேசிவிட்டார்கள்.

முதலில், மட்டில்டா பெற்றோரை விட்டுப் போகிறாள் என்பதே சரியில்லை. கார் மோசடி வெளியே வரும் நிலையில் குடும்பம் ஸ்பெயினுக்கு ஓடத் தயாராகிறது. அவள் மிஸ் ஹனியோடு இருந்துவிடலாமா என்று கேட்கிறாள். பெற்றோர் ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. கவனிக்க வேண்டியவர்களில் ஒருவர் குறைந்தார் என்பதுதான் அவர்கள் நினைப்பு. கார் கிளம்பும்போது அண்ணன் மைக்கேல் மட்டும் பின்கண்ணாடி வழியாகக் கையசைக்கிறான். மற்ற இருவரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை அந்தத் தந்தையிடம் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை பெற்றோரைக் கைவிட்ட கதையா, பெற்றோர் பிள்ளையைக் கைவிட்ட கதையா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

பழிவாங்குதலிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அவள் காரணமில்லாமல் எதையும் செய்வதில்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஸ்டைன்பெக்கின் புத்தகத்தைத் தந்தை பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்ட பிறகுதான் புகைபோக்கிக்குள் கிளியை ஒளித்துவைத்து வீட்டாரைப் பேய் என்று நடுங்கவைக்கிறாள். நூலகப் புத்தகத்தைக் கிழிப்பவருக்கு அதைவிடக் கடுமையான தண்டனை தரலாம் என்பது, உறுப்பினர் என்ற முறையில், என் சொந்தக் கருத்து! தொப்பிக்குள் தடவிய பசை, தலைமுடித் தைலத்தில் கலந்த சாயம் இவை எல்லாமே கண்ணின் ஆற்றல் வருவதற்கு முன்பு வெறும் புத்தியால் செய்தவை. இவை சரியா தவறா என்று பிள்ளைகளே வாதிடட்டும். எல்லோரும் ஒரே பக்கம் நிற்க மாட்டார்கள். எனக்கே தலைமுடிச் சாயம் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது.

நம் தருமபுரியில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்றின் 92-ஆம் பாட்டில், குழந்தையின் மழலை யாழிசைக்கும் ஒப்பாகாது, காலத்துக்கும் பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தைக்கு அது அருளைச் சுரக்கவைக்கும், என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்கிறார். பொருளில்லாத மழலைக்கே உருகுவது தந்தை உள்ளம் என்பது அந்தப் பாட்டின் நம்பிக்கை. மட்டில்டாவின் பெற்றோரான வார்ம்வுட் தம்பதியின் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை பெரியவர்களுக்குச் சமமாகத் தெளிவாகப் பேசுகிறது. அவர்களோ ஓயாத வாயாடி என்று அதட்டி, சிறு பெண்கள் கண்ணில் படலாம், காதில் படக் கூடாது என்கிறார்கள். அந்தத் தந்தைக்கு ஔவையாரின் பாட்டைச் சொல்லிவிட்டு நாவலின் இந்தப் பக்கத்தைக் காட்டினால், இது தந்தையரை அவமதிக்க எழுதிய கதையல்ல என்று அவருக்கு விளங்கும்.

அங்கே இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. வியாபாரத்தை மகன் மைக்கேலுக்குத்தான் தந்தை கற்றுத் தருகிறார். லாபக் கணக்கை மகள் மனத்திலேயே போட்டு நொடியில் விடை சொன்னதும், தாளைப் பார்த்துத் திருட்டுத்தனம் செய்தாள் என்கிறார். பெண்ணுக்குப் புத்தகத்தைவிடத் தோற்றம்தான் முக்கியம் என்று தாய் ஆசிரியையிடமே வாதிடுகிறார். பெண் சிசுக்கொலையைத் தடுக்கக் கொண்டுவந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கிப் பின்னர் நம் மாவட்டத்துக்கும் தேவைப்பட்டது என்பதை நினைக்கும்போது, மகளின் அறிவைக் கண்டு எரிச்சலடையும் வீடு இங்கிலாந்தில்தான் இருக்கும் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

கேட்டவர்: காவேரிப்பட்டணம் வாசகி

மூவருக்கும் நன்றி. ஔவையார் பாட்டை அந்தத் தந்தைக்கு அனுப்பினேன். நாவலைத் தாமே படித்துவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வாத்தியார் ஐயா சொன்னதும் ஓசூர் நண்பர் சொன்னதும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அநீதி திரியைக் கொளுத்தியது, வேலையற்ற அறிவு எண்ணெயாக இருந்தது என்றுதான் அடுத்த வாரம் பிள்ளைகளிடம் பேச நினைக்கிறேன். அவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

ட்ரஞ்ச்புல்லைப் பற்றி ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளைத் தண்டிக்க அவர் அடைத்துவைக்கும் சோக்கி என்ற குறுகிய அலமாரி, சுவரில் பதித்த கண்ணாடித் துண்டுகள், கதவில் அடித்த ஆணிகள் வரும் பக்கத்தில் ஒரு சிறுவன் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். நான் அங்கே நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனேன். அப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்யலாம்? இன்னொன்று, புதிய பதிப்புகளில் சொற்களை மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே, இரண்டாவது பிரதி எதை வாங்குவது?

பதில்: பென்னாகரம் பழைய வாத்தியார்

அம்மா, அந்தச் சிறுவனிடம் எல்லோர் முன்னிலையிலும் எதுவும் கேட்க வேண்டாம். வட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அந்தப் பக்கம் உனக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு அவன் பேசும்வரை காத்திருங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, கேட்கக்கூடிய பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் சொல்வதை ஏன் யாரும் நம்புவதில்லை என்பதற்கு மட்டில்டா நாவலில் ஒரு காரணம் சொல்கிறாள்: ட்ரஞ்ச்புல் செய்வதெல்லாம் அளவுக்கு மீறி இருப்பதால், வீட்டில் சொன்னால் பெற்றோர் கட்டுக்கதை என்றுதான் நினைப்பார்கள். சிரிக்கவைக்கும் அந்த வாதம் நிஜத்திலும் நடக்கிறது. ரோல்ட் டால் தம் பள்ளி நாள்களில் பிரம்படி பட்டதை 1984-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ட்ரஞ்ச்புல் முழுக் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குழந்தைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்தக் குழந்தையும் அழைக்கலாம் என்பதையும், வட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக, யாரையும் குறிப்பிட்டுப் பார்க்காமல் சொல்லி வையுங்கள்.

பதில்: ஓசூர் இரவுநேர வாசகன்

பதிப்புக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பஃபின் பதிப்பகம் ரோல்ட் டால் நூல்களில் திருத்தங்கள் செய்தது 2023 பிப்ரவரியில் பெரும் சர்ச்சையானது. எதிர்ப்பு வலுத்ததும் பழைய வாசகத்தோடு ஒரு வரிசையைத் தனியாக வெளியிடுவதாக அதே மாதம் அறிவித்தார்கள். இரண்டும் கடையில் இருக்கக்கூடும். முதல் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியைத் திறந்து பாருங்கள். மட்டில்டா ஜோசப் கான்ராடுடன் பாய்மரக் கப்பலிலும், ஹெமிங்வேயுடன் ஆப்பிரிக்காவுக்கும், கிப்ளிங்குடன் இந்தியாவுக்கும் போனாள் என்று இருந்தால் அது பழையது. கான்ராடின் இடத்தில் ஜேன் ஆஸ்டினும், கிப்ளிங்கின் இடத்தில் ஸ்டைன்பெக்கும் கலிபோர்னியாவும் இருந்தால் அது திருத்தியது. கிப்ளிங்கின் பேரரசுப் பார்வைமேல் எனக்கும் கோபம் உண்டு. இருந்தாலும் அவரை நீக்கிய வேகத்தில், அந்தச் சிறுமி படித்துப் பயணம் போன ஊர்களின் பட்டியலிலிருந்து இந்தியாவும் காணாமல் போய்விட்டது. நான் வாங்குவதானால் பழையதையே வாங்குவேன். கிப்ளிங் யார் என்று பிள்ளைகள் கேட்டால் அதையும் ஒரு சனிக்கிழமை பேசலாம்.